கண்ணிலயும் வாயிலயும் கிட்னியிலயும் பி.எஸ்.எம்.ஏ தெரிஞ்சால் கான்சர் பரவீட்டுது எண்டு அர்த்தமோ?

இந்த முறை வந்த கடிதம் கோப்பாய்ப் பக்கம் இருந்து ஒரு மகள் எழுதினது. ஆள் ஆரெண்டு தெரியாமல் இருக்க ஊரையும் சில விபரங்களையும் கொஞ்சம் மாத்தியிருக்கிறன், மருத்துவ விபரம் எதையும் மாத்தேல்ல.

அப்பாவுக்கு 71 வயது, போஸ்ற்மாஸ்ரரா இருந்து பென்சன் எடுத்தவர். இரவில நாலைஞ்சு தரம் சலம் போக எழும்பிறார் எண்டு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக, பி.எஸ்.ஏ எண்ட ரத்தச் சோதனை 24 எண்டு வந்தது. பயொப்சியில புரொஸ்டேட் (சலப்பைக்குக் கீழ ஆம்பிளையளுக்கு உள்ள சுரப்பி) கான்சர், அதின்ர வீரியத்தைக் காட்டுற கிளீசன் எண்ட கணக்கு 4+3. அதுக்குப் பிறகு ரொறன்ரோவில இருக்கிற அண்ணை காசு அனுப்பி, பலாலியால சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் பி.எஸ்.எம்.ஏ எண்ட புரதம் உடம்பில எங்கெங்க இருக்கெண்டு பாக்கிற பெற் ஸ்கான் எடுத்திருக்கினம். றிப்போட்டில ஸ்கான் மருந்து ஒட்டின அளவு புரொஸ்டேட்டில 16, காதடி உமிழ்நீர்ச் சுரப்பியில 22, கிட்னியில 27, ஈரலில 14, பிறகு கண்ணீர்ச் சுரப்பி, மண்ணீரல், சிறுகுடல் எண்டு ஒரு நீளப் பட்டியல், கடைசியில இடப்பக்க ஆறாம் விலா எலும்பில 3.4. "டொக்டர், நான் எண்ணிப் பாத்தன், எட்டு இடத்தில இருக்கு, கிட்னியில புரொஸ்டேட்டை விடக் கூட இருக்கு, அப்ப இனி ஒண்டும் செய்யேலாதோ" எண்டு கேக்கிறா. அண்ணை லுட்டீசியம் எண்ட கதிரியக்க ஊசி போடுவம் எண்டுறாராம், மாமா ஒராள் எல்லாத்தையும் விட்டுட்டு நாட்டு வைத்தியம் பாப்பம் எண்டுறாராம். அம்மா முருங்கையிலையும் கீரையும் குடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டா, ஏனெண்டால் அந்தப் புரதம் கீரையில உள்ள ஃபோலேட் எண்ட விற்றமினோட சம்பந்தப்பட்டது எண்டு அண்ணை எங்கேயோ வாசிச்சிட்டாராம். அப்பாவுக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்ல, றிப்போட் அலுமாரிக்குள்ள சீலைகளுக்குக் கீழ இருக்கு.

தங்கச்சி, முதல்ல அந்தரப்படாதேங்கோ. நீங்கள் அனுப்பின றிப்போட்டை ரெண்டு தரம் வாசிச்சன். நீங்கள் எண்ணின எட்டு இடத்தில ஒண்டு புரொஸ்டேட், அங்க கான்சர் இருக்கிறது பயொப்சியிலயே தெரிஞ்ச விசயம். ஆறு இடம் எந்த ஆம்பிளையை அந்த மெசினுக்குள்ள படுக்க வைச்சாலும் தெரியிற இடங்கள், கான்சரே இல்லாத என்னைப் படுக்க வைச்சாலும் தெரியும். மிச்சம் ஒண்டு, அந்த விலா எலும்பு. கதைக்க வேண்டியது அதைப் பற்றி மட்டும்தான், அதுக்குப் பிறகு வாறன். அந்த ஆறு இடத்துக்கும் பக்கத்தில பிசியோலொஜிக்கல் எண்டு எழுதியிருக்கினம் பாருங்கோ, அது உடம்பின்ர இயல்பு, வருத்தம் இல்லை எண்டு ஸ்கான் பாத்த டொக்டரே சொல்லுறது. அவை அப்பிடிச் சுருக்கமா எழுதிப்போட்டு விட்டிடுவினம், வீட்டில இருந்து வாசிக்கிற சனம் நம்பரை மட்டும் பாத்துப் பயந்து சாகும். இது எங்கட தொழில்ல உள்ள ஒரு குறைதான்.

பி.எஸ்.ஏ வேற, பி.எஸ்.எம்.ஏ வேற

உங்கட கடிதத்தில ரெண்டையும் மாறி மாறி எழுதியிருக்கிறியள், "பி.எஸ்.ஏ உடம்பு முழுக்கப் பரவீட்டுது" எண்டு ஒரு இடத்தில வருது. கனபேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு, பேரும் கிட்டத்தட்ட ஒண்டுதானே. பி.எஸ்.ஏ எண்டது ரத்தத்தில பாக்கிறது. அது கான்சர் உண்டாக்கிற நஞ்சு இல்லை, விந்தைத் தண்ணித்தன்மையா வைச்சிருக்க எல்லா ஆம்பிளையளின்ர புரொஸ்டேட்டும் சுரக்கிற ஒரு நொதியம். நல்ல சுகமா இருக்கிற ஆளின்ர ரத்தத்திலயும் கொஞ்சம் கசிஞ்சு வரும். சொன்னால் நம்பமாட்டியள், தாய்ப்பாலில கூட அது துளியளவு இருக்கு. சுரப்பி வீங்கினாலும், சலத்தில கிருமி தொத்தினாலும், சலம் போகக் குழாய் போட்டாலும் ரத்தத்தில கூடும். கான்சர் கலம் ஒவ்வொண்டும் நல்ல கலத்தை விடக் கனக்கச் சுரக்கிறதால கூடுறதெண்டில்லை, உண்மையில ஒரு கலத்துக்குப் பாத்தால் குறைவாத்தான் சுரக்கும். ஆனால் சுரப்பியின்ர கட்டமைப்பு உடைஞ்சு போறதால குழாய்க்குள்ள போக வேண்டியது ரத்தத்துக்குள்ள கசியுது.

பி.எஸ்.எம்.ஏ அப்பிடி இல்லை. அது கலத்தின்ர சுவரில, மென்சவ்வில ஊடுருவி, தலையை வெளியில நீட்டிக்கொண்டு இருக்கிற புரதம். இப்ப எங்கட கிளினிக்குகளில அதை ரத்தத்தில பாக்கிறேல்ல, ஸ்கானிலதான் பாக்கிறது. அதில போய் ஒட்டுற மாதிரி ஒரு மருந்தைச் செய்து, அதோட கொஞ்ச நேரத்தில அழிஞ்சு போற கதிரியக்கப் பொருள் ஒண்டைச் சேத்து, நாளத்தில ஏத்திப்போட்டு, உடம்பில எங்கெங்க போய் ஒட்டியிருக்கெண்டு படம் எடுக்கினம். அப்பாவுக்கு ஏத்தினது புளோரின் 18 சேத்த பி.எஸ்.எம்.ஏ 1007, றிப்போட்டின்ர மேல்வரியில இருக்கு. அந்தப் புளோரின் 110 நிமிசத்துக்கு ஒருக்காப் பாதியாக் குறையும், அதால பேரப்பிள்ளையளைக் கிட்ட விடலாமோ எண்டு நீங்கள் இப்பவும் பயப்பிடத் தேவையில்லை, எப்பவோ முடிஞ்சுது.

பிறகேன் கண்ணிலயும் வாயிலயும்?

புரொஸ்டேட்டுக்கே உரியது எண்டு பேர் வைச்சிட்டு, பிறகேன் வாயிலயும் தெரியுது எண்டு கேட்டிருந்தியள், நல்ல கேள்வி. 1987இல ஒரு புரொஸ்டேட் கான்சர் நோயாளியின்ர நிணநீர்க் கணுவில (எல்லாருக்கும் உள்ள சின்னச் சுரப்பி) இருந்து வளத்த கலங்களை வைச்சு ஒரு அன்ரிபொடியைக் கண்டுபிடிச்சினம், அது பிடிக்கிற புரதம் இதுதான், 1993இல அதின்ர ஜீனையும் எடுத்தினம். அப்ப அது புரொஸ்டேட்டில மட்டும்தான் இருக்கெண்டு நினைச்சவை. பிறகு பாத்தால் சிறுகுடலில சாப்பாட்டில வாற ஃபோலேட்டை உறிஞ்சக்கூடிய மாதிரி வெட்டிக் குடுக்கிற நொதியமும் இதுதான், மூளையில நரம்புகளுக்கிடையில வேலை செய்யிற ஒரு நொதியமும் இதுதான், கிட்னியின்ர நுண்குழாய்ச் சுவரிலயும் இருக்கு. அதுக்குள்ள பேர் நிலைச்சிட்டுது.

உமிழ்நீர்ச் சுரப்பியும் கண்ணீர்ச் சுரப்பியும் இன்னும் சுவாரசியமான கதை. அங்க உள்ள புரதத்தின்ர அளவைப் பாத்தால் அவ்வளவு பிரகாசமாத் தெரிய நியாயமில்லை, ஆனால் மருந்து அங்க வேற வழியாலயும் சேருது. எப்பிடியோ எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பளிச்செண்டு தெரியும். அந்த ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எண்டதைக் கவனியுங்கோ, அப்பான்ர றிப்போட்டிலயும் அப்பிடித்தான் எழுதியிருக்கு. ஈரல் 14 வந்ததுக்குக் காரணம் இந்த 1007 மருந்து பெரும்பாலும் ஈரலாலயும் பித்தத்தாலயும் வெளிய போறது. வேற மருந்து, கலியம் 68 சேத்தது, சலத்தால போறது, அதில எடுத்திருந்தால் ஈரல் குறைஞ்சு கிட்னி 40, 50 எண்டு வந்திருக்கும், நீங்கள் இன்னும் பயந்திருப்பியள்! நம்பர் பெரிசெண்டால் கான்சர் பெரிசு எண்டு இல்லை. எந்த இடத்தில, அந்த இடத்துக்கு வழமையா வாற அளவுதானோ, சீ.ரி. படத்தில அங்க ஏதும் மாற்றம் தெரியுதோ, இந்த மூண்டையும் சேத்துத்தான் பாக்கிறது.

அப்ப நல்ல கலத்திலயும் இருக்குது, கான்சர் கலத்திலயும் இருக்குதெண்டால் இந்த ஸ்கானால என்ன பிரயோசனம் எண்டு கேப்பியள். அளவிலதான் வித்தியாசம். சாதாரண புரொஸ்டேட் கலத்திலயும் இந்தப் புரதம் கொஞ்சம் இருக்கும், கான்சராகினால் 100 மடங்கில இருந்து 1000 மடங்கு வரை கூடும் எண்டு பாத்திருக்கினம், கிளீசன் கூடக் கூட இதுவும் பொதுவாக் கூடும். நிணநீர்க் கணுவிலயோ எலும்பிலயோ வழமையா இது இல்லாதபடியால் அங்க போய் ஒட்டின புரொஸ்டேட் கலம் தனிச்சுத் தெரியும். 2020இல அவுஸ்திரேலியாவில செய்த ஒரு பெரிய ஆய்வில, பரவியிருக்கோ எண்டு சரியாச் சொல்லுறதில இந்த ஸ்கான் 92 வீதம், பழைய சீ.ரி.யும் எலும்புக்கு எடுக்கிற போன் ஸ்கானும் சேந்து 65 வீதம். அதால அண்ணை செலவழிச்ச காசு வீண் போகேல்ல. அப்பான்ர நிணநீர்க் கணுக்கள் ஒண்டிலயும் ஒண்டும் இல்லை எண்டு அதே றிப்போட்டில இருக்கு, அந்த வரியை நீங்கள் கடிதத்தில எழுதவே இல்லை. பயத்தில கண்ணில படேல்லப் போல.

ஆனால் ஒண்டு, தெரியேல்ல எண்டால் அறவே இல்லை எண்டும் எடுக்கக்கூடாது. சில மில்லிமீற்றர் அளவுக் கட்டியள் இதில பிடிபடாது, கொஞ்சப் பேரின்ர கான்சரில இந்தப் புரதமே குறைவு. அப்பாவுக்கு புரொஸ்டேட்டில நல்லாத் தெரியிறபடியால் ரெண்டாவது பிரச்சினை இல்லை. முதலாவதுக்காகத்தான் பி.எஸ்.ஏ 24 உள்ள ஆளுக்கு ஸ்கான் வடிவா வந்தாலும் வைத்தியத்தைக் கொஞ்சம் அழுத்தமாச் செய்யிறது.

விலா எலும்பு

இப்ப அந்த 3.4. றிப்போட்டில அதுக்கு நேர இன்டிற்றேர்மினேற் எண்டு போட்டிருக்கு, இதெண்டும் சொல்லேலாது அதெண்டும் சொல்லேலாது எண்ட கருத்து, சீ.ரி.யில அந்த இடத்தில தெளிவான மாற்றம் ஒண்டும் இல்லை எண்டும் எழுதியிருக்கு. இந்த 1007 மருந்துக்கு ஒரு பழக்கம் இருக்கு, எலும்பில, அதுவும் விலா எலும்பில, கான்சர் இல்லாத இடத்திலயும் லேசாத் தெரியும். தனிய ஒரு விலாவில, இந்த மாதிரிக் குறைஞ்ச அளவில தெரிஞ்சால் பெரும்பாலும் அது கான்சர் இல்லை.

அதோட நீங்கள் கடிதத்தின்ர கடைசிப் பக்கத்தில சும்மா போற போக்கில ஒண்டு எழுதியிருக்கிறியள், "தை மாசம் கிணத்தடியில சறுக்கி விழுந்து இடப்பக்கம் நோ எண்டு ஒரு கிழமை எண்ணை பூசினவர், அதுக்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கினது" எண்டு. கான்சர் விழுந்ததால வாறேல்ல. ஆனால் விலாவில வந்த சின்ன வெடிப்பு ஆறிக்கொண்டு வரேக்கயும் இந்த ஸ்கானில தெரியும். சென்னையில ஆரும் விழுந்தவரோ எண்டு கேட்டிருக்கமாட்டினம், நீங்களும் சொல்லியிருக்கமாட்டியள். அந்த ஒரு வசனத்தைக் கிளினிக் கொப்பியில எழுதிவைச்சு டொக்டரிட்டக் கட்டாயம் சொல்லுங்கோ. ஸ்கான் றிப்போட்டை மட்டும் கொண்டு போகாமல் படங்கள் உள்ள டிஸ்க்கையும் கொண்டு போங்கோ, இங்க உள்ள ரேடியோலஜிஸ்ற் அந்த எலும்பைத் தானே பாக்கோணும். தேவையெண்டால் அந்த இடத்துக்கு எம்.ஆர்.ஐ எடுக்கலாம், இல்லாட்டி பி.எஸ்.ஏ போற போக்கைப் பாத்துக்கொண்டு பிறகு ஒருக்காப் பாக்கலாம். விலாவில ஊசி குத்தி எடுக்கிறது கடைசி வழி, உள்ளுக்க நுரையீரல் கிட்ட, இவ்வளவு சின்னச் சந்தேகத்துக்கு நான் அவசரப்படமாட்டன்.

சரி, கெட்டதையே நினைப்பம், அது கான்சர்தான் எண்டு வைப்பம். அப்பவும் "ஒண்டும் செய்யேலாது" இல்லை. எலும்பில கொஞ்ச இடத்தில மட்டும் பரவின ஆக்களுக்கு, ஆண் ஹோர்மோனைக் குறைக்கிற ஹோர்மோன் வைத்தியத்தோட புரொஸ்டேட்டுக்கும் கதிர் அடிச்சுப் பாத்த ஆய்வு ஒண்டு 2018இல வந்தது, 3 வருசத்துக்குப் பிறகு உயிரோட இருந்தவை கதிர் அடியாட்டி 100க்கு 73 பேர், அடிச்சால் 81 பேர். கான்சர் புரொஸ்டேட்டோட நிக்கிற ஆளுக்கும் ஹோர்மோனும் கதிரும்தான் ஒரு முக்கிய வழி. அப்ப விலா எதுவா இருந்தாலும் முதல் காலடி கிட்டத்தட்ட ஒண்டுதான், பிறகு எவ்வளவு காலம், என்ன மருந்து கூட எண்டதுதான் மாறும். விலாக் கேள்விக்கு மறுமொழி வரட்டும் எண்டு வீட்டில இருந்து மினக்கெடாதேங்கோ.

லுட்டீசியம், நாட்டு வைத்தியம், கீரை

அண்ணை சொல்லுற லுட்டீசியம் 177 உண்மையான மருந்துதான், ஸ்கானில ஒட்டுற அதே புரதத்தில போய் ஒட்டி, அங்கயே கதிரால கலத்தை அழிக்கிறது. 2021இல வெளிவந்த ஆய்வில, வேற வைத்தியமெல்லாம் செய்து களைச்சுப் போன நோயாளியளில பாதிப்பேர் உயிரோட இருக்கிற காலத்தை 11.3 மாசத்தில இருந்து 15.3 மாசமாக் கூட்டினது, 2022இல அமெரிக்காவில அனுமதி கிடைச்சது. ஆனால் அந்த நோயாளியள் ஆரெண்டு பாருங்கோ, உடம்பில பரவி, ஹோர்மோனுக்கும் அடங்காமல் போன ஆக்கள். அப்பா இன்னும் முதல் ஊசியே போடேல்ல. குணப்படுத்திற நோக்கத்தோடயே வைத்தியம் தொடங்கக்கூடிய ஆளைக் கொண்டு போய் கடைசிக்கு வைச்சிருக்கிற மருந்தை முதல்ல குடுக்கிறது சரியில்லை. அதோட உமிழ்நீர்ச் சுரப்பி ஸ்கானில பளிச்செண்டு தெரியுது எண்டு சொன்னனே, லுட்டீசியமும் அங்க போகும். அந்த ஆய்வில 10 பேரில கிட்டத்தட்ட 4 பேருக்கு வாய் வறண்டு போனது. சிலர் சோறு விழுங்கவே கஸ்ரப்படுவினம். அண்ணை அக்கறையில சொல்லுறார், கோவிக்காதேங்கோ, ஆனால் காசை வைச்சிருக்கச் சொல்லுங்கோ.

மாமாவுக்குச் சொல்ல ஒண்டுதான் இருக்கு, ஹோர்மோனும் கதிரும் தொடங்கின பிறகு கஞ்சியோ கசாயமோ குடுக்க விரும்பினால் என்னெண்டு டொக்டரிட்டச் சொல்லிப்போட்டுக் குடுக்கட்டும், வைத்தியத்துக்குப் பதிலா வேண்டாம்.

அம்மாவை நாளைக்கே முருங்கையிலை வறுக்கச் சொல்லுங்கோ. சிறுகுடலில இந்தப் புரதம் ஃபோலேட்டை வெட்டுறது உண்மை, அதுக்காகக் கீரை சாப்பிட்டால் கான்சர் வளரும் எண்டு ஆதாரம் இல்லை. ஃபோலிக் அசிட் குளிசையைத் தாங்களா வாங்கிப் போடுறதைத்தான் வேண்டாம் எண்டுவன், ஒரு ஆய்வில குளிசை போட்ட ஆக்களுக்கு புரொஸ்டேட் கான்சர் மற்ற ஆக்களை விடக் கூடுதலா வந்தது. சாப்பாட்டில வாறது வேற. ஹோர்மோன் ஊசி போட்டால் எலும்பு தேயும், தசை குறையும், அதுக்கு கீரை, மீன், முட்டை எல்லாம் வேணும், ஒவ்வொரு நாளும் நடக்கவும் வேணும்.

என்ன வைத்தியம், எங்க

71 வயதில, வேற பெரிய வருத்தம் இல்லாத ஆளுக்கு ரெண்டு வழி. ஒண்டு புரொஸ்டேட்டை முழுக்க எடுக்கிற ஒப்பரேசன், மற்றது ஹோர்மோன் ஊசியோட கதிர்ச்சிகிச்சை. பி.எஸ்.ஏ 20க்கு மேல எண்டால் ஹோர்மோனை ஒண்டரை வருசத்தில இருந்து மூண்டு வருசம் வரை குடுக்கிறது வழமை. ஒப்பரேசனில சலம் கட்டுப்படாமல் போறது கூட, கதிரில மலவாசல் பக்கம் எரிச்சல், ரத்தம் வாறது கூட, ஆண்மைக் குறைவு ரெண்டிலயும் வரும். என்ர அபிப்பிராயம், அப்பான்ர நிலைமைக்கு நான் கதிர்ப் பக்கம் சாய்வன், ஆனால் யூரோலஜிஸ்ற் (சலம் சம்பந்தப்பட்ட வருத்தம் பாக்கிறவர்), ஒன்கோலஜிஸ்ற் (கான்சர் பாக்கிறவர்) ரெண்டு பேரையும் கண்டு கதைச்சிட்டு முடிவெடுங்கோ. கதிர் வைத்தியம் தெல்லிப்பழை அரச ஆஸ்பத்திரியிலயே இருக்கு, காசு கட்டத் தேவையில்லை, கோப்பாயில இருந்து போய் வரலாம். தவணைக்கு எவ்வளவு காலம் நிக்கோணும் எண்டு முதல் நாளே கேளுங்கோ. கதிருக்கு முதல் ரெண்டு மூண்டு மாசம் ஹோர்மோன் ஊசி போடுறது வழமை, அதால காத்திருக்கிற காலமும் வைத்தியக் காலம்தான்.

ஒண்டு இப்பவே சொல்லிவைக்கிறன், கதிர் அடிச்ச பிறகு பி.எஸ்.ஏ பூச்சியத்துக்கு வராட்டிப் பயந்தடிச்சு எனக்கு எழுதாதேங்கோ. சுரப்பி உள்ளுக்க இருக்குதுதானே, நல்ல கலம் கொஞ்சம் மிஞ்சியிருந்து சுரக்கும். ஆகக் குறைஞ்ச அளவில இருந்து 2 கூடினால்தான் திரும்பி வருதோ எண்டு யோசிக்கிறது. ஒப்பரேசன் செய்து எடுத்த ஆக்களுக்குக் கணக்கு வேற, அவைக்கு 0.2 வந்தாலே கவனிப்பம்.

அப்பாவுக்குச் சொல்லுறதோ?

சொல்லோணும். நாப்பது வருசம் போஸ்ற் ஒப்பீசில ஆற்ற ஆற்றயோ தந்தியளையும் கடிதங்களையும் வாசிச்ச மனுசன், தனக்குப் பயொப்சி எடுத்ததும், பிளேனில ஏத்திக்கொண்டு போய் ஸ்கான் எடுத்ததும் ஏனெண்டு விளங்காமலோ இருக்கிறார்? நீங்கள் மறைக்கிறியள் எண்டு அவருக்குத் தெரியும், உங்களை அழவைக்கக்கூடாதெண்டு அவரும் கேக்காமல் இருக்கிறார். இந்த நாடகம் எங்கட வீடுகளில கன காலமா நடக்குது. அதை விட, அவரின்ர உடம்பு, அவரின்ர முடிவு. ஒப்பரேசனோ கதிரோ, என்னெண்டு விளங்கிச் சம்மதிக்க வேண்டியது அவர், நீங்களும் அண்ணையும் ரெலிபோனில கதைச்சு முடிவெடுக்கிற விசயம் இல்லை. ஹோர்மோன் ஊசியால உடம்பு வேர்க்கும், ஆசை குறையும், மனம் சோரும், காரணம் தெரியாமல் இருந்தால் தனக்கு என்னமோ நடக்குதெண்டு உள்ளுக்க உடைஞ்சு போவார்.

உங்களால சொல்ல ஏலாட்டி கிளினிக்கில டொக்டரிட்டக் கேளுங்கோ, "எங்கள் முன்னால அப்பாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ" எண்டு. அண்டைக்கு றிப்போட்டை அவரின்ர கையிலயே குடுங்கோ. "கான்சர், ஆனால் புரொஸ்டேட்டோட நிக்குது போலத்தான் இருக்கு, ஒரு எலும்பில சின்னச் சந்தேகம், அதையும் பாப்பினம், வைத்தியம் இருக்கு." இவ்வளவும் போதும், மிச்சத்தை அவரே கேப்பார். கேக்காட்டி விடுங்கோ, எல்லாத்தையும் ஒரே நாளில கொட்டத் தேவையில்லை.

கடைசியா அண்ணைக்கு ஒரு வேலை. தகப்பனுக்கு வந்திருந்தால் மகனுக்கு வாற சாத்தியம் மற்ற ஆக்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அவருக்கு 46 எண்டு எழுதியிருக்கிறியள், அங்க தன்ர குடும்ப டொக்டரிட்ட அப்பான்ர விபரத்தைச் சொல்லி பி.எஸ்.ஏ பாக்கிறதைப் பற்றிக் கதைக்கட்டும். பாக்கிறதெண்டால் அதுக்கு முதல் ரெண்டு நாள் சைக்கிள் ஓடாமல், உடலுறவும் இல்லாமல் இருக்கட்டும், சலத்தில எரிவு கிருமி இருக்கிற நேரம் பாக்கவே வேண்டாம், இல்லாட்டி அந்த நம்பரையும் தூக்கிக்கொண்டு உங்கட வீட்டில இன்னொரு சுற்று அழுகை நடக்கும்.